பை பார்த்துக்கொள்கிறவர்

கடலாடியில் கிளம்பி முதலில் ராமேஸ்வரம். அங்கிருந்து திரும்பி, கடற்கரையோரமாகவே தொண்டி, நாகப்பட்டினம், பாண்டிச்சேரி என்று போய், சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற தீம் பார்க்கில் ஒரு பகல் முழுக்க. இந்தப் பயணத்தை நான் நான்கு வருடமாகப் போய்க்கொண்டிருந்தேன். நோட்டில்தான்.

என் மகள் சேதுலட்சுமி ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது கேட்டாள் என்று ஆரம்பித்த நோட்டு அது. இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. எந்த ஊரில் எத்தனை மணிக்குப் பஸ், எந்த பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக்குள் மூச்சைப் பிடிக்காமல் போகலாம், மாமியாரின் முழங்காலுக்கு ஒத்துவருகிற மாதிரி படி இல்லாத லாட்ஜ் எங்கே இருக்கிறது, எல்லாம் அதில் உண்டு. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். என் கையிலிருந்து வெளியே போகிற காகிதம் எல்லாமே வேறு யாரோ எழுதியதன் நகல். நானே சொந்தமாக எழுதியது என்று உலகத்தில் இருப்பது இந்த ஒரு நோட்டுதான்.

ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். முதல் வருடம் மிஷினில் டிரம் போய்விட்டது. இரண்டாம் வருடம் மாமனார் போய்விட்டார். மூன்றாம் வருடம் எதுவும் போகவில்லை, நாங்களும் போகவில்லை.

நான்காம் வருடம் மஸ்கட்டிலிருந்து என் சகலை முனீஸ்வரன் ஐம்பது நாள் லீவில் வந்து இறங்கினார். என் மனைவி கோகிலாவின் தங்கை முருகலட்சுமியின் கணவர். ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர். வயதில் எனக்கு ஆறு வருடம் இளையவர், உயரத்தில் ஆறு விரற்கடை மூத்தவர், முடியைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. வந்த இரண்டாம் வாரம் ஏழு பேர் உட்காருகிற வெள்ளைக் காரை வாங்கி, மாமியார் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். செகண்ட்ஹேண்ட் கார்தான் என்பதை அந்த வாரம் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சாதிச் சான்றிதழுக்கு நகல் எடுக்க வந்த ஒரு பெரியவர், உங்களிடம் என்ன வண்டி இருக்கிறது என்று கேட்டார். அதற்குப் பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனோம். கடலாடியிலிருந்து மூன்று கிலோமீட்டர். நான் நோட்டை எடுத்துப் போயிருந்தேன். கார் வந்தாகிவிட்டதால், பஸ் நேரங்களை எல்லாம் அடித்துவிட்டு வண்டி நேரமாக மாற்றி எழுதி, அதை எல்லோர் முன்னாலும் வாசிக்கலாம் என்று ஒரு எண்ணம். நான் இரண்டாம் பக்கத்தில் தேவிபட்டினத்தைத் தாண்டுவதற்குள் முனீஸ்வரன் போனை எடுத்து விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். ராமேஸ்வரத்திலிருந்து சென்னை வரைக்கும் நீலமாக ஒரு கோடு ஓடியது. எங்கே சாப்பாடு, எங்கே பெட்ரோல், எல்லாம் அதுவே சொல்லியது. பார்க் டிக்கெட்டும் அதிலேயே எடுத்துக்கொள்ளலாமாம்.

“நாலு வருசமா எழுதுனத நாலு நிமிசத்துல போட்டுட்டாரு,” என்றாள் கோகிலா. அவள் பாராட்டியது அவரைத்தான். ஆனால் பார்த்தது என்னை.

சேது அதற்குள் சித்தப்பாவின் தோளில் ஏறியிருந்தாள். அவர் அவளை நிலைக்கதவோரம் நிற்க வைத்து உயரம் பார்த்தார். பார்க்கில் ஒரு பெரிய ராட்டினம் இருக்கிறது, ஆளைத் தலைகீழாகக் கவிழ்த்து மூன்று சுற்றுச் சுற்றும், உயரம் போதாத பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள் என்றார். சேதுவுக்கு உயரம் போதுமாக இருந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டுமாம்.

“நானும் சித்தப்பாவும்,” என்றாள் சேது. யோசிக்கக்கூட இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். “அய்யா பைய பாத்துக்கிருவாக.”

எல்லோரும் சிரித்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. எந்த விசேஷத்துக்கு ராமேஸ்வரம் போனாலும், பாம்பன் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி ஊரே இறங்கிக் கீழே கடலையும் பக்கத்தில் ரயில் பாலத்தையும் பார்க்கும்போது, நான் மட்டும் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன். கைப்பிடிச் சுவருக்குப் போனால் முழங்கால் இரண்டும் என்னிடம் கேட்காமலே உட்காரப் பார்க்கும். ‘பைய பாத்துக்க ஆள் வேணாமா’ என்று நான்தான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட உத்தியோகத்தை மகள் உறுதிப்படுத்தினாள், அவ்வளவுதான். நானும் சிரித்தேன். காபி குடித்தேன். காபி கசந்தது. சர்க்கரை சரியாகத்தான் இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ராட்டினம் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. சேது கத்துகிறாள், பக்கத்தில் அவர் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருக்கிறார். கீழே நான், இரண்டு பை, ஒரு கட்டைப்பை, ஒரு தண்ணீர்க் கேன். நான்கு வருடம் நான் எழுதியது இந்தக் காட்சிக்காகவா?

இந்த இடத்தில்தான் மாமியார் மீனம்மாள் எனக்கு வழி காட்டினார். அவருக்குத் தெரியாமலேதான்.

அந்த வீட்டில் தூரப் பயணமோ, கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் பனங்காட்டுக் காளியிடம் பூக்கட்டிப் பார்க்காமல் கிளம்ப மாட்டார்கள். ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, இன்னொன்றில் நந்தியாவட்டை. இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலைக் கிழிசலில் மடித்து நாரால் கட்டி, அம்மன் காலடியில் போடுவார்கள். வயதுக்கு வராத ஒரு பெண்பிள்ளை ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பூக்கட்டுவது வீட்டு ஆண்பிள்ளையின் வேலை. கோயிலுக்குப் பின்னால், யாரும் பார்க்காமல், தனியாகக் கட்ட வேண்டும். மாமனாருக்கு மகன் இல்லை. அவர் போன பிறகு அந்த உரிமை மூத்த மருமகனுக்கு வந்தது. அந்த வீட்டில் நான் வகித்த ஒரே பதவி அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பூசாரி சூடம் ஏற்றினார். நான் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். நம்புங்கள், போகும்போது என் மனதில் எதுவும் இல்லை. முதல் பொட்டலத்தில் செவ்வரளியை வைத்துக் கட்டினேன். இரண்டாவது இலையை விரித்தேன். முன்பக்கத்திலிருந்து சேதுவின் சிரிப்பு கேட்டது, சித்தப்பா ஏதோ சொல்லியிருப்பார். என் கை அதுவாகப் போய் இன்னொரு செவ்வரளியை எடுத்தது. மிச்சமிருந்த நந்தியாவட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மனின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மனுக்கும் நான் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

சேது கண்ணை மூடிக் குனிந்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

எல்லோர் முகமும் விழுந்துவிட்டது. நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன், கொஞ்சம் அதிகமாகவே. அடுத்த வருடம் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம், பஸ்ஸில் போவதற்கு என் நோட்டு இருக்கிறது என்று உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நான் கேட்டது பயணத்தைப் பற்றி. வீட்டார் புரிந்துகொண்டது வேறு. முருகலட்சுமி வீட்டுக்கு வரும் வழியிலேயே அழ ஆரம்பித்தாள். அம்மன் மறுத்தது பயணத்தையா காரையா என்று மாமியார் கேட்டார். காரையா, ஓட்டுகிற ஆளையா என்று முருகலட்சுமி கேட்டாள். அன்று மத்தியானமே காரின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். முனீஸ்வரன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, கீழக்கரைக்குப் போவதானாலும் டவுன் பஸ்தான் என்று உத்தரவு. மூன்றாம் நாள் தார்ப்பாயின் மேல் ஒரு கோழி குடியேறியது. முருகலட்சுமி ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தாள். கணவர் திரும்பி மஸ்கட் போக ஏற வேண்டிய விமானத்தை நினைத்தும் அவளுக்கு பயம் வந்துவிட்டது.

நான் நகல் எடுக்கப் போனால் மிஷினில் பேப்பர் சிக்கியது. அது வாரத்துக்கு இரண்டு தடவை சிக்குகிற மிஷின்தான். இருந்தாலும் அந்த வாரம் ஒவ்வொரு தடவையும் வடகிழக்கே, பனங்காடு இருக்கிற திசையைப் பார்த்து, மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை முனீஸ்வரன் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டையில் இஸ்திரி இல்லை. அந்தச் சட்டையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆறு வருடமாக நான் எதிர்பார்த்த சட்டை அது.

தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இரண்டரை வயதுப் பையன். அவர் போகும்போது கைக்குழந்தை. இப்போது இவர் தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக் கத்துகிறான். போனில் பார்த்தால் ‘அப்பா’ என்று சிரிக்கிறவன், நேரில் வந்து நிற்கிற ஆளைப் பார்த்துப் போனைத் தேடுகிறானாம். நான்கு நாள் காருக்குள் எல்லோரும் ஒன்றாக அடைந்து கிடந்தால் பழகிவிடுவான் என்றுதான் காரே வாங்கினாராம்.

“எனக்கு சாமி மேல பயமெல்லாம் இல்லண்ணே,” என்றார். “இவ அழுகுறதப் பாக்க முடியல. வந்ததுலேருந்து எங்கிட்ட ஓடி வந்த ஒரே பிள்ள உங்க சேதுதான். அதுக்கும் வாக்குக் குடுத்துட்டு இப்பிடி ஆயிருச்சு.”

மனிதன் திமிராக நான்கு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அவருக்கு டீ சொன்னேன். ஒன்றுக்கு இரண்டு பஜ்ஜியும் சொன்னேன். அவரை வெறுப்பதற்கு என்னிடம் மிச்சமிருந்த காரணங்களை எண்ணிப் பார்த்தேன். உயரமும் முடியும்தான் தேறியது.

சாயங்காலம் கோகிலாவையும் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வாசலில் மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் உண்மை உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கடைக்குப் போய்த் திறந்துவிட்டு வந்தேன் அல்லவா, அப்போது பக்கத்துக் கடையில் தெரியாமல் மீன் குழம்பு ஊற்றிய இட்லியைச் சாப்பிட்டுவிட்டேன், கவிச்சி பட்ட வாயோடும் கையோடும்தான் பூக்கட்டினேன், அதனால் அந்த உத்தரவு செல்லாது என்றேன்.

மீனம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் மீன் உயிரோடு இருந்திருந்தால் செத்திருக்கும்.

“தெரியாம எப்பிடி மாப்ள மீனத் திங்கிறது?” என்றார். “முள்ளுகூடவா தட்டல?”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எல்லாம் நான் எழுதப்போவதில்லை. மாமனார் தம் காலத்தில் அந்தத் தாம்பாளத்தைத் தொடுவதற்கு முந்தைய நாளே பட்டினி கிடப்பார் என்பதில் ஆரம்பித்து, நான் பெண் பார்க்க வந்த நாளிலேயே மாமியாருக்கு ஏற்பட்ட சந்தேகங்கள் வரை போனது. நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். செய்தது மீனைவிடப் பெரிய தப்பு என்பதால் திட்டு எனக்குக் கொஞ்சம் மலிவாகவே பட்டது. அந்த வெள்ளிக்கிழமை காலை எனக்கு இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி வைத்தவள் கோகிலா. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது என் மொபெட்டின் பின்சீட்டிலிருந்து, “எந்தக் கடையிலங்க மீனு?” என்று மட்டும் கேட்டாள். காற்றில் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

முடிவு இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி பூக்கட்டுவது. ஆனால் கட்டப்போவது நான் இல்லை, முனீஸ்வரன். என் பதவி போய்விட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. நான் கட்டினால் இரண்டிலும் வெள்ளையை வைத்திருப்பேன். இப்போது நல்ல மனிதர் ஒருவர் நேர்மையாகக் கட்டப்போகிறார். பாதிக்குப் பாதி மறுபடியும் சிவப்பு வரலாம். வந்தால் அந்தக் காரை விற்றுவிடுவார்கள், முருகலட்சுமி அவரை விமானம் ஏற விட மாட்டாள், அந்தக் குழந்தை அப்பாவைப் போனிலேயே தேடிக்கொண்டிருக்கும். எல்லாம் என் சட்டைப் பையில் வாடிப்போன ஒரு நந்தியாவட்டையால்.

வெள்ளிக்கிழமை. முனீஸ்வரன் தாம்பாளத்தோடு பின்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை. புதிதாகக் கட்டுகிறவர், நார் வழுக்கும் என்று மாமியாருக்கு நானே சமாதானம் சொன்னேன். வந்தபோது அவருக்கு வேர்த்திருந்தது, யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோயிலுக்குப் போனால் கும்பிடுகிற மாதிரி நிற்பது எனக்குப் பழக்கம், ஆனால் கும்பிட்டது அன்றைக்குத்தான். வெள்ளையைக் கொடு தாயே, ராட்டினத்தில் அவரே உட்காரட்டும், நான் ஏழு பேர் பையையும் பார்த்துக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

சேது குனிந்தாள். இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. இரண்டு பொட்டலத்தையும் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றை எடுத்தாள்.

வெள்ளை.

முருகலட்சுமி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முனீஸ்வரன் மகனைத் தூக்கினார், அவன் வழக்கம்போலக் கத்தினான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அம்மன் என்னிடம் நேராகப் பேசியது மாதிரி இருந்தது. அன்று முழுக்கக் கடையில் ஒருவரிடமும் நான் கோபப்படவில்லை. பேப்பரும் சிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, மாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்பிய சேது நேராகக் கடைக்கு வந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பஸுக்கு அடியிலிருந்து இரண்டு வாழையிலைப் பொட்டலங்களை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஒன்று காய்ந்து சருகாகியிருந்தது. மற்றொன்று நேற்றையது. எடுக்காத பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று எல்லோரும் அவளுக்குச் சொல்லியிருந்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு பத்து வயதுப் பிள்ளை விட்டுவிட்டு வரும் என்று நம்பியது எங்கள் தப்பு.

பழைய பொட்டலத்தை அவள் பிரித்தாள். கருத்துப்போன செவ்வரளி.

அவள் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எதற்கு என்று மட்டும் கேட்டாள். நான் மிஷினைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன். வாடிக்கையாளர் யாராவது வந்து தொலையக் கூடாதா என்று பார்த்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்.

“நீ சித்தப்பா கூட ராட்டினத்துல ஏறுவேன்னு சொன்னேல்ல. அதுக்குத்தான்.”

அவள் அதை ஒரு கணக்கு மாதிரி யோசித்தாள். பிறகு நேற்றைய பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். நான் பிரித்தேன். நந்தியாவட்டை. காம்பு இன்னும் பச்சையாக இருந்தது.

மூத்த மருமகன் இரண்டிலும் சிவப்பை வைத்தான். இளைய மருமகன் இரண்டிலும் வெள்ளையை வைத்தான். நேற்று எனக்குச் சிலிர்த்த உடம்பை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், அந்தப் பயணத்தைப் பற்றி அம்மனிடம் இதுவரை யாரும் கேட்கவே இல்லை.

“சித்தப்பாட்ட கேட்டியா?”

“காலையில கேட்டேன்,” என்றாள். “யார்ட்டயும் சொல்லிராதன்னு சாக்லேட்டு குடுத்தாக. நான் மொதப் பொட்டலத்தப் பத்தி அவுகள்ட்ட சொல்லல.”

எனக்குச் சாக்லேட் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை பாருங்கள். அதிலும் அவர்தான் முந்திக்கொண்டார்.

சேது என் நோட்டை இழுத்தாள். கடைசிப் பக்கத்தில் யார் யார் எங்கே உட்காருவது, யாருக்கு என்ன வேலை என்று அவளே பென்சிலால் எழுதியிருந்தாள். முன்சீட்டில் அம்மாச்சி, முழங்காலுக்காக. சித்திக்குப் பாட்டு போடுகிற வேலை. குட்டித்தம்பிக்கு சித்தப்பாவின் சீட்டுக்கு நேர் பின்னால் இடம், கண்ணாடியில் அவர் முகம் தெரிகிற மாதிரி. இதை எல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள். அதற்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன.

பெரிய ராட்டினம்: நான், அய்யா.

பை பார்த்துக்கொள்வது: சித்தப்பா.

இரண்டு தடவை வாசித்தேன். எழுத்துப் பிழைகூட இல்லை. இது பாசமா, செய்த தப்புக்குத் தண்டனையா என்று எனக்கு விளங்கவில்லை. என்னால் பாம்பன் பாலத்திலேயே எழுந்து நிற்க முடியாது, அது உனக்குத் தெரியுமே, சித்தப்பாவுக்குத்தான் பயமே கிடையாதே என்று சொல்லிப் பார்த்தேன்.

“அதாங்கய்யா,” என்றாள். “பயமில்லாத ஆளு கூட ஏறுனா நான் மட்டும்தான் கத்தணும்.”

சொல்லிவிட்டுப் பொட்டலங்கள் இரண்டையும் மறுபடி மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து மூடினாள். தூக்கிப் போட்டுவிடலாமே என்றேன். இருக்கட்டும் என்றாள். பயணத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது, அதுவரை நானும் சித்தப்பாவும் வாக்கு மாறாமல் இருக்கத்தான் அவள் அவற்றை வைத்திருக்கிறாள் என்று புரிந்தது.

அவள் போன பிறகு அந்தக் கடைசிப் பக்கத்தை ஒரு நகல் எடுத்து, கல்லா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ரோட்டில் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டு, மேலே ஏறி நின்று கீழே பார்த்தேன். இரண்டடி இருக்கும். உட்காரட்டுமா என்று முழங்கால் லேசாகக் கேட்டுப் பார்த்தது. முடியாது என்று சொல்லி, பத்து வரை எண்ணிவிட்டுத்தான் இறங்கினேன்.